காரணம் எழுதும் நிரல்

நீங்கள் புறுபுறுப்பது எனக்குக் கேட்காது என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்று உடுப்பிட்டியில் வீட்டோடு இருக்கிறேனே தவிர, காது இன்னும் பல்கலைக்கழகத்தில், எங்கள் துறையில்தான் இருக்கிறது. எல்லாம் கணினியிலேயே பதிவாகிற காலத்தில், ஒவ்வொரு பரிசோதனை ஓட்டத்துக்கும் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியைத் தேடி எடுத்துப் பேனாவால் நாலு நிரல் நிரப்புவது என்ன கண்டறியாத வேலை என்று கேட்கிறீர்களாம். திகதி, தொடக்க எண், எத்தனை தரம் தொடர்பு அறுந்தது, காரணம். அந்த நாலாவது நிரலில் ‘கரண்ட்’ என்று மட்டும் எழுதினால் துறைத் தலைவர் கொப்பியைத் திருப்பி உங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போகிறாராம்.

அந்தக் கொப்பி வந்தது என்னால். உங்கள் தலைவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். உங்களுக்கு அவர் கலாநிதி தர்ஷினி. என்னிடம் நாலு வருடம் ஆய்வு மாணவியாக இருந்தவள் என்பதால் எனக்கு வாயில் ‘அவள்’ என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுத எனக்கு விருப்பம் இல்லை. களைப்பாகவும் இருக்கிறது. ஆனாலும் கேட்கிற நீங்கள் புதியவர்கள், கேள்வி நியாயமானது, ஆகவே எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி ஒரு பந்தி, நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக. தூரதேசத்து ஆய்வுகூடம் ஒன்றில் இருக்கும் குவாண்டம் இயந்திரத்துக்குள் ஒரு நிலையை உண்டாக்குகிறோம். அது எப்படிப்பட்டது என்று அறிய வேண்டும். ஆனால் ஒருமுறை பார்த்தால் அத்தோடு அது கலைந்து போகும், கையில் மிஞ்சுவது ஒரு சின்ன விடை. திரும்ப உண்டாக்கித் திரும்பப் பார்க்க வேண்டும். முழுதையும் அறிய வெளிக்கிட்டால் ஆயுள் காணாது. ஆகவே ஒவ்வொரு முறையும் எழுந்தமானமாக, குருட்டுவாக்கில், ஒரு திசையைத் தெரிந்து, அந்தத் திசையிலிருந்து பார்த்து, திசையையும் விடையையும் குறித்து வைக்கிறோம். அப்படிக் கொஞ்சம் சேர்ந்தால் பிறகு ஆறுதலாக இருந்து அந்த நிலையைப் பற்றி எத்தனையோ கேள்வி கேட்கலாம். என்ன கேட்கப் போகிறோம் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கவும் தேவையில்லை. கையைச் சுருக்கிச் செலவழிக்கிற எங்கள் சனத்துக்குப் பொருத்தமான முறை.

தர்ஷினி தன் முதல் கருத்தரங்கில் இதை வெங்காய மூட்டையை வைத்து விளங்கப்படுத்தினாள். தகப்பன் கரவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். மூட்டையைக் கொட்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கையை விட்டுப் பார்த்துத்தான் முழு மூட்டையையும் மதிக்கிறோம் என்றாள். எனக்குப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் விரிவுரைகளில் அதைத் திருடிப் பயன்படுத்தினேன்.

கதை நடந்தது மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக இருந்த அந்த வருடம். தர்ஷினியின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். அதற்கு அந்தத் தூரதேசத்துக் குழு தங்கள் இயந்திரத்தில் எங்களுக்கு இவ்வளவு ஓட்டம் என்று அளந்து தந்திருந்தது. அத்தியாயம் குறித்த தவணைக்குள் முடிந்தால் அவர்களிடமே இரண்டு வருட வேலை என்று எழுத்தில் வந்திருந்தது. கனடாவில் இருக்கிற அவளுடைய சித்தியின் மகள் ஒரு குளிர் ஜக்கெற் அனுப்பிவிட்டாள். தர்ஷினி அதை ஒருநாள் துறைக்குக் கொண்டுவந்து, யாழ்ப்பாணத்து வெயிலில், போட்டுக் காட்டினாள். பஸ் இல்லாத நாட்களில் கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்து போன பிள்ளை. அந்த அத்தியாயத்தில்தான் அவளுக்கு எல்லாம் தங்கியிருந்தது.

கணினிக்கான நிகழ்நிரலின் எலும்புக்கூட்டை எழுதிக் கொடுத்தது நான். அதில் ஒரு வரி, எழுந்தமான எண்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்கிற வரி. கணினிக்கு உண்மையான எழுந்தமானம் தெரியாது. நாங்கள் கொடுக்கிற தொடக்க எண்ணிலிருந்து ஒரு நீண்ட வரிசையைக் கக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசை. செய்முறை வகுப்புகளில் ஐம்பது பிள்ளைகளுக்கும் ஒரே தொடக்க எண்ணைக் கொடுப்பது என் பழக்கம், அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே விடை வரும், திருத்துவது சுகம். எண் வேறொன்றும் இல்லை, என் பழைய சைக்கிள் தகட்டின் எண். அந்தச் சோம்பல் வரியை அழிக்காமல் அப்படியே தர்ஷினிக்கும் கொடுத்துவிட்டேன்.

ஒரே மூச்சில் ஓடியிருந்தால் அந்த வரியால் பெரிய பாதகம் இல்லை. எங்களுக்கு ஏது ஒரே மூச்சு? மின்சாரம் போகும், கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் படுக்கும், தொடர்பு அறும். வந்ததும் தர்ஷினி திரும்பத் தொடக்குவாள். தொடக்கும்போதெல்லாம் நிகழ்நிரல் என் சைக்கிள் எண்ணுக்குப் போய் அதே திசைகளை முதலிலிருந்து எடுக்கும். ஆயிரக்கணக்கான திசைகளிலிருந்து பார்த்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அதே சில நூறு திசைகளிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை தர்ஷினி ஒரு விடையைக் கொண்டுவந்து காட்டினாள். எப்படிப் பார்த்தாலும் ஒன்றுக்கு மேல் போக முடியாத கணியம் ஒன்றரைக்கு வந்து நின்றது. இயந்திரத்தின் இரைச்சலாக இருக்கும் மிஸ் என்றாள். விட்டுவிட்டுப் போம், பார்க்கிறேன் என்றேன். அவள் போன பிறகு, அன்றிரவு வீட்டில், இரண்டு நாள் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். இரண்டிலும் முதல் திசை ஒரே திசை. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. நான் பத்துக்கு மேல் பார்க்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. எழும்பிப்போய்க் குசினிப் பக்கம் நின்று ஒரு கோப்பை தண்ணீர் குடித்தேன்.

அப்போது எனக்கு ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. துறையில் என் பெயர் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பார்க்காத அளவீட்டைப் பார்த்ததாக எழுதிய ஒரு மாணவனை முழுச் செய்முறையையும் முதலிலிருந்து செய்ய வைத்தவள் நான், அவன் கண்ணீரோடு நின்றபோதும் இரங்கவில்லை. அந்தப் பேரோடு போக விரும்பினேன். பிழை என்னுடையது, அதுவும் முதலாம் வருடப் பிள்ளை விடுகிற பிழை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தேவாலயத்துக்குப் போனேன். எங்கள் வீடு மூன்று தலைமுறையாக மெதடிஸ்த வீடு. எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கையை ஒரு சொல் தடக்காமல் சொன்னேன். சபையாகச் சேர்ந்து சொல்வது சுலபம், பிள்ளைகளே. அதில் தொடக்க எண் எதுவும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை தர்ஷினி வாசலிலேயே கேட்டாள், ஏதும் பிடிபட்டதோ என்று. நான் சொன்னேன்:

“கரண்ட் நிண்டு நிண்டு வந்ததிலை பதிவு பழுதாப் போச்சுது.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் கரண்ட் என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கலியாணக் கார்ட் பிந்தினாலும் கரண்ட், கந்தோரில் கோப்பு காணாமல் போனாலும் கரண்ட். தர்ஷினியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் படிக்கட்டில் இருந்தாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழுவிடம் இன்னும் கொஞ்சம் ஓட்டம் கேட்டுப் பார்ப்போமா என்றாள்.

கேட்டோம். அந்தக் குழுவின் தலைவி திரையில் வந்தார், என் வயதுதான் இருக்கும். நான் மின்வெட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் ஓட்டங்களைப் பற்றி ஒன்றும் கேட்காமல், எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். விறகில் என்றேன். அவருக்குக் குரல் மாறிவிட்டது. தங்கள் ஆட்களுக்கு வைத்திருந்ததில் ஒரு பகுதியை எங்களுக்குத் தருவதாகவும், இதற்கு மேல் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். எங்கள் நாட்டின் கஷ்டத்தைக் காட்டி என் பிழைக்கு நான் பிச்சை வாங்கியிருந்தேன். தர்ஷினி பக்கத்திலிருந்து நன்றி சொன்னாள்.

இனிமேல் சரியாகச் செய்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த வரியை மாற்றி, ஒவ்வொரு தொடக்கத்துக்கும் புது எண் எடுக்கச் செய்து, நிகழ்நிரலைப் பொதுக் கோப்புறையில் போட்டேன். குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் ஏன் மாற்றினது என்று கேள்வி வரும்.

குறித்த நாள் மத்தியானம் துறையில் இருந்தோம். தர்ஷினி யாரிடமோ கார் பற்றரி ஒன்று இரவல் வாங்கி வந்து கணினிக்கு ஏற்பாடு செய்திருந்தாள். நான் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். அவள் கணினியைத் திறந்து தொடக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. பொதுக் கோப்புறைக்கு இணையம் வேண்டும். தர்ஷினி இணையத்தை நம்பாத பிள்ளை, எல்லாவற்றையும் தன் கணினியில்தான் வைத்திருப்பாள். பழையதை ஓட்டுகிறாளோ புதியதை ஓட்டுகிறாளோ?

ஒரு வாய்ச்சொல்லில் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன வித்தியாசம் மிஸ் என்று கேட்பாள், அதற்கு நான் மறுமொழி சொல்ல வேண்டும். அறாமல் ஓடினால் பழையதும் பரவாயில்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் முக்கால் மணித்தியாலம் அறவில்லை. நான் மூச்சு விடத் தொடங்கிய நேரம் கோபுரம் படுத்தது.

திரும்பத் தொடக்கினாள். அப்போது கேட்டிருக்கலாம், முக்கால்வாசி மிச்சம் இருந்தது. இரண்டாம் தரம் அறுந்தது, பாதி மிச்சம் இருந்தது. மூன்றாம் தரம் அறுந்தபோது வாயைத் திறந்தேன், “தேத்தண்ணி குடியும்” என்றுதான் வந்தது. நாலாம் தரம் அவள் தொடக்கினபோது நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நெருக்கடி என்றால் மணி அடிக்கும், ஆட்கள் ஓடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு வந்த நெருக்கடி இவ்வளவுதான். ஒரு மத்தியானம், ஒரு கேள்வி, கேட்பதற்கு நாலு சந்தர்ப்பம்.

அடுத்த நாள் காலை தர்ஷினி என் அறைக்கு வந்தாள். கதிரையில் இருக்கவில்லை.

“மிஸ், திரும்பவும் ஒண்டரைதான் வருது.”

கதவைச் சாத்தச் சொன்னேன். சொல்லிவிட்டேன். வரியைச் சொன்னேன், சைக்கிள் எண்ணைச் சொன்னேன், திருத்திப் போட்டதைச் சொன்னேன். அவள் கணினியைத் திறந்து பழைய நிகழ்நிரலில் அந்த வரியைத் தேடி எடுத்து, விரலை அதில் வைத்தாள்.

“ஒரே இடத்திலை கையை விட்டுப் பாத்திருக்கிறம்” என்றாள். பிறகு கேட்டாள், “எப்ப தெரியும் உங்களுக்கு?”

“முதல் தரமே.”

“அப்ப நேற்று நான் ஓட்டேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள்.”

“ஓம்.”

“நாலு தரம் அறுந்தது மிஸ். நாலு தரமும் நான் திரும்பத் தொடக்கினனான். நீங்கள் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்கள்.”

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“அந்த வரியைப் பற்றி எனக்குக் கோவம் இல்லை. அதை நானும் பாக்கேல்லை, நானும் பாத்திருக்கவேணும். கரண்ட் எண்டு சொன்னீங்களே, அதைத்தான் நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். போடவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு புதுச் சீ.ஆர். கொப்பியை எடுத்தாள், அடிமட்டம் வைத்து நாலு நிரல் கீறினாள், தலைப்புப் போட்டாள். என் முன்னால் வைத்துப் பேனாவையும் வைத்தாள்.

“எழுதுங்கோ மிஸ். உங்கடை கையாலை.”

எழுதினேன். திகதி. தொடக்க எண், என் சைக்கிள் எண். நாலு தரம். நாலாவது நிரலில், தொடக்க எண்ணை மாற்றாமல் விட்டேன், கண்ட பிறகும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிள்ளைகளுக்குப் புள்ளி போடுகிற அதே மேசை.

அன்றே அந்தத் தலைவிக்கு எல்லாவற்றையும் எழுதினோம். இரண்டு வரியில் பதில் வந்தது. சொன்னதற்கு நன்றி, இயந்திர நேரம் இனி இல்லை. தவணை போனது, வேலை இன்னொருவருக்குப் போனது. தர்ஷினி கையில் இருந்ததை வைத்து, அந்தச் சில நூறு திசைகள் எந்தக் கேள்விகளைத் தொடுகின்றனவோ அந்தக் கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்லி, மற்றவற்றுக்கு எங்களால் முடியாது என்றும் ஏன் முடியாது என்றும் எழுதி, சின்ன அத்தியாயமாக முடித்தாள். பரீட்சகர்கள் அந்த ‘முடியாது’ பகுதியைத்தான் கூடப் பாராட்டினார்கள். அதை வைத்து வெளிநாட்டுக்கு டிக்கெற் எடுக்க முடியாது. குளிர் ஜக்கெற்றைக் கணினி அறை ஏ.சி.க்குப் போடுகிறாள். நீங்கள் கண்டிருப்பீர்கள், நீல நிறம், இடது கையில் ஸிப் பழுது.

எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, என் நேர்மையைப் பற்றி ஒருவர் நீளமாகப் பேசினார். தர்ஷினி மூன்றாவது வரிசையில் இருந்து எல்லாரோடும் கைதட்டினாள். அவளைத் தவிர அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். கேக் வெட்டினேன்.

பாடம் என்று ஏதாவது சொன்னால்தான் இப்படி எழுதுவதற்கு அர்த்தம் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். என் சோம்பல் வரி தர்ஷினிக்குக் கிடைத்த முதல் பங்கு ஓட்டங்களைத் தின்றது. அது யாருக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும். இரண்டாவது பங்கைத் தின்றது நான் காரணம் சொல்லாமல் திருத்தியது. காரணத்தைச் சொல்லியிருந்தால் அவள் பழைய நிகழ்நிரலைத் தொட்டிருக்க மாட்டாள். ஆகவே நாலாவது நிரலை நிரப்புங்கள். கரண்ட் போனது என்றால், போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அவள் என்னை மன்னித்தாளோ தெரியாது. நத்தார்ப் பண்டிகைக்கு வருவாள், அரை மணித்தியாலம் இருப்பாள், வேலையைப் பற்றிக் கதைப்போம். நான் கேட்டதில்லை, எனக்குப் பயம்.

போன கிழமை ரெலிபோன் எடுத்தாள். அந்தக் கொப்பி முடிந்துவிட்டதாம். புதியது வாங்கி நிரல் கீறி வைத்திருக்கிறாளாம்.

“முதல் பக்கம் நீங்கள் வந்து எழுதவேணும் மிஸ்.”

“என்னத்தை எழுதுறது?”

“அதைத்தான்.”

“பழைய கொப்பியிலை இருக்குத்தானே.”

“பழையதை அலுமாரிக்குள்ளை வைக்கப்போறன். உந்தப் புதுப் பிள்ளையள் புதுசைத்தான் திறப்பினம்.”

இப்போது எனக்கு எழுதும்போது கை நடுங்குகிறது, எழுத்தும் வடிவில்லை. அதைச் சொன்னேன், நீரே பார்த்து எழுதிவிடுமன் என்றேன்.

“ஆறுதலா எழுதுங்கோ மிஸ். நான் பக்கத்திலை இருக்கிறன்” என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.